ஹங்கேரியருக்கு ஆங்கிலச் சொற்கள்: சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு முழு வழிகாட்டி

லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்த என் மாணவி ஒருவர் கடையில் ஒரு லிட்டர் பால் வாங்கியிருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியவர். காசு கொடுத்ததும் கல்லாவில் இருந்த பையன் "ரிசீட் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறான். "வேண்டாம், எனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வகுப்பில் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இன்னும் குழப்பம். பாலுக்கு எதற்குச் சமையல் குறிப்பு?

ஹங்கேரிய மொழியில் 'ரெட்செப்ட்' என்றால் சமையல் குறிப்பு. டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டுக்கும் அதே சொல்தான். கடையில் தரும் பில்லுக்கு 'ப்ளொக்'. அந்த அம்மாவுக்கு ஆங்கிலச் சொற்கள் ஆயிரத்துக்கு மேல் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ஹங்கேரியச் சொல்லின் முதுகில் ஏறித்தான் அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த முதுகிலிருந்து சொல்லை இறக்கிவிடுவதுதான் நம் வேலை.

இணையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தமிழர்களுக்கும், ஹங்கேரியில் டெப்ரெட்சென், ஸெகெட், பேச் போன்ற ஊர்களில் படித்துக்கொண்டே அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நம் மாணவர்களுக்கும் இந்தக் குறிப்புகள்.

தொடங்கும் முன்: யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்?

ஹங்கேரிய மொழியைப் பேசுபவர்கள் ஏறத்தாழ 1.3 கோடிப் பேர். ஐரோப்பாவின் நடுவில் இருந்தாலும் அது அக்கம்பக்கத்து மொழிகளுக்கு உறவில்லை. யுராலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னிஷ், எஸ்டோனியன் எல்லாம் தூரத்துச் சொந்தம். ஜெர்மன்காரர் ஆங்கிலம் படிக்கும்போது தண்ணீர், கை, வீடு என்று பாதிச் சொற்கள் ஒரே சாயலில் இருக்கும். ஹங்கேரியருக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீருக்கு 'வீஸ்', கைக்கு 'கேஸ்', வீட்டுக்கு 'ஹாஸ்'. இதில் கடைசி ஒன்றுதான் ஏதோ ஒத்துப்போகிறது, அதுவும் தற்செயல்.

வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1989 வரை அங்கே பள்ளியில் ரஷ்ய மொழி கட்டாயம். இன்று ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பெரியவரான பிறகுதான் தொட்டிருப்பார். இளையவர்களுக்கு மொழித்தேர்வுச் சான்றிதழ் ஒரு பெரிய பூதம். நெடுங்காலம் அது இல்லாமல் பட்டச் சான்று கையில் வராது. இறுதித் தேர்வெல்லாம் முடித்தும் மொழிச் சான்று இல்லாமல் காத்திருந்தவர்களுக்கு 2020-இல் கொரோனாவைக் காட்டி அரசு விலக்கு கொடுத்தது. அதனால் 'பி2' என்ற தேர்வு நிலையின் பெயரைக் கேட்டாலே சிலர் முகம் சுருங்கும். தேர்வைப் பற்றி முதல் வகுப்பில் பேசாதீர்கள்.

படி 1: கோடு போட்ட நோட்டை மூடச் சொல்லுங்கள்

ஹங்கேரியப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரிடமும் 'ஸோதார்ஃபுஸெத்' என்று ஒரு நோட்டு இருக்கும். சொல் நோட்டு. நடுவில் கோடு. இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் ஹங்கேரியச் சொல். வாரம் ஒருமுறை 'ஸோதொல்கொசத்', அதாவது சொல் தேர்வு. ஆசிரியர் ஒரு பக்கத்தைச் சொல்வார், பிள்ளை மறு பக்கத்தை எழுதும். இருபதுக்கு இருபது வாங்கும். கடையில் போய் நிற்கும்போது ஒன்றும் வராது.

நோட்டைத் தூக்கி எறியச் சொல்ல வேண்டாம், மனம் நோகும். வலப்பக்கத்தில் ஹங்கேரியச் சொல்லுக்குப் பதிலாக ஒரு முழு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அந்த வாக்கியம் அவர் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். அந்த அம்மாவின் நோட்டில் இப்போது 'ரிசீட்' என்ற சொல்லுக்கு எதிரே "மகள் சட்டையைத் திருப்பிக் கொடுக்க ரிசீட் கேட்டாள்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. உண்மையில் நடந்தது, அதனால் மறக்கவில்லை.

சொல்வளத்துக்கு ஹங்கேரிய மொழியில் 'ஸோகின்ச்' என்பார்கள். 'ஸோ' என்றால் சொல், 'கின்ச்' என்றால் பொக்கிஷம். நம் சொற்களஞ்சியம் நெல் சேர்க்கிறது, அவர்களுடையது தங்கம் சேர்க்கிறது.

படி 2: தமிழும் ஹங்கேரியமும் ஒத்துப்போகும் இடங்களைப் பிடியுங்கள்

இது இங்கிலாந்துக்கார ஆசிரியருக்குக் கிடைக்காத வசதி. இரண்டும் ஒட்டுநிலை மொழிகள். சொல்லின் வாலில் உருபுகளை ஒட்டிக்கொண்டே போகும் பழக்கம் இரண்டுக்கும் உண்டு. இதனால் உறவு என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் ஹங்கேரியர் தடுக்கி விழும் பல இடங்களில் நாமும் விழுந்து எழுந்திருக்கிறோம்.

உடன்பிறந்தவர்களில் தொடங்குங்கள். 'பாத்ய' என்றால் அண்ணன், 'ஒச்' என்றால் தம்பி, 'நோவேர்' அக்கா, 'ஹூக்' தங்கை. நான்கும் தனித்தனி, நம்மைப் போலவே. ஆங்கிலத்தின் பிரதர், சிஸ்டர் இரண்டும் அவர்களுக்கு அரைகுறையாகத்தான் படும். "என் சிஸ்டர் வந்தாள்" என்று எழுதிவிட்டு, அக்காவா தங்கையா என்று சொல்லாமல் விட்டது போல ஒரு தவிப்பு. எல்டர், யங்கர் என்று ஒவ்வொரு முறையும் சேர்ப்பார்கள். வேண்டாம் என்று பழக்குங்கள். பொதுவாக உடன்பிறந்தவர் என்பதற்கு அவர்களிடம் 'தெஷ்த்வேர்' என்ற சொல் உண்டு. 'தெஷ்த்' என்றால் உடல், 'வேர்' என்றால் ரத்தம். எழுத்தில் பார்த்தால் அந்த முதல் பாதி ஆங்கில 'டெஸ்ட்' போலவே இருக்கும். உச்சரிப்பில் பார்த்தால் பின்பாதி நம் மரத்து வேர்.

உடல் உறுப்பிலும் அதே கதை. 'லாப்' என்ற ஒரே சொல் லெக், ஃபுட் இரண்டுக்கும், நமக்குக் கால். கால்விரலுக்கு அவர்கள் சொல்வதும் கால்-விரல்தான்: 'லாபுய்'. ஷூ வாங்கப் போன இடத்தில் "லெக் வலிக்கிறது" என்று சொன்னால் கடைக்காரர் முழங்காலைப் பார்ப்பார். வகுப்பில் படம் வரைந்து, எங்கே வெட்டுகிறது ஆங்கிலம் என்று கணுக்காலில் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் முடியும்.

லெண்ட், பாரோ குழப்பத்துக்கும் நம் கையில் மருந்து உண்டு. நாம் கடன் கொடு, கடன் வாங்கு என்கிறோம். அவர்கள் கடன்-கொடு, கடன்-கேள் என்று ஒரே அடியிலிருந்து இரண்டையும் செய்கிறார்கள். ஆங்கிலம் இரண்டு தனிச் சொற்களை வைத்துக்கொண்டு படுத்துகிறது. 'ஹாவ்' என்ற வினை அவர்களிடம் இல்லவே இல்லை. 'நெகெம் வன்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் 'எனக்கு இருக்கு'.

எண்ணுக்குப் பின் பன்மை போடாததும் அப்படித்தான். கடையில் நாம் "ரெண்டு வாழைப்பழம் குடுங்க" என்பது போல அவர்களும் எண்ணைச் சொல்லிவிட்டால் பெயரை ஒருமையிலேயே விடுவார்கள். கத்தரிக்கோல், பேண்ட், மூக்குக்கண்ணாடி மூன்றும் அங்கே ஒருமை, ஆங்கிலத்தில் பன்மை. நேர்மாறாக, இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர் மூன்றையும் அவர்கள் பன்மையில் சொல்லிப் பழகியவர்கள். ஃபர்னிச்சருக்கு நம்மூர்க் கடைப் பலகைகளும் பன்மை போடுகின்றன, ஆகவே சிரிக்க வேண்டாம்.

இன்னொன்று சிரிக்க வைக்கும். இரட்டையாக உள்ள உறுப்புகளை அவர்கள் ஒரே பொருளாகப் பார்க்கிறார்கள். இரண்டு கையும் சேர்ந்தால்தான் கை. அதனால் ஒற்றைக் கைக்குப் பெயர் 'அரைக் கை'. ஒரு காலில் நின்றால் அரைக் காலில் நிற்கிறார்கள். மாணவர் 'ஹாஃப்' என்று எழுதினால் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

'ஓ' என்ற ஒரே சொல்தான் அவன், அவள் இரண்டுக்கும். மொழியில் பால் வேறுபாடே கிடையாது. நன்றாகப் பேசுபவர்கூட மனைவியை 'ஹீ' என்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு முறையும் குறுக்கே திருத்தினால் பேச்சே நின்றுபோகும். விட்டுப் பிடியுங்கள்.

படி 3: ஒன்று பலவாகப் பிரியும் சொற்கள்

'ஓரா' என்றால் மணிநேரம், சுவர்க் கடிகாரம், கைக்கடிகாரம், வகுப்பு நேரம், நான்கும். 'இதோ' என்றால் நேரம், வானிலை இரண்டும். இவற்றைப் பட்டியலாகக் கொடுத்தால் தூங்கிவிடுவார்கள். சமையலறைக்குள் கூட்டிப்போங்கள், அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

'எரோஷ்' என்ற சொல்லை எடுங்கள். பலமான என்று பொருள். காரமான என்றும் அதே சொல்தான். அங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் மிளகாய் விழுது ஒன்றின் பெயர் 'எரோஷ் பிஷ்தா'. பலசாலி பிஷ்தா என்று சொல்லலாம். இந்தப் பழக்கத்தில் ஒரு மாணவர் சூப் 'ஸ்ட்ராங்' என்று சொன்னால், காபியைப் போலக் கட்டியாக இருக்கிறது என்று ஆங்கிலேயர் எடுத்துக்கொள்வார். 'ஹாட்' என்று திருத்தினால் அடுத்த வம்பு. ஆங்கிலத்தில் சூட்டுக்கும் காரத்துக்கும் ஒரே சொல். சூட்டுக்கு அவர்களிடம் 'ஃபொர்ரோ' என்று தனிச்சொல் இருக்கிறது. சூடு வேறு, காரம் வேறு என்று நாக்கு அறிந்த நமக்கும் ஆங்கிலத்தின் இந்தக் கஞ்சத்தனம் புரிவதில்லை. எனவே காரத்துக்கு 'ஸ்பைசி' என்று கொடுத்துவிட்டு, 'ஹாட்' வரும் வாக்கியங்களைக் கேட்டுப் பிரிக்கப் பழக்குவதே என் வழி.

அடுத்து 'பெப்பர்'. ஆங்கிலத்தில் மிளகும் அதுதான், குடைமிளகாயும் அதுதான். ஹங்கேரியருக்கு மிளகு 'பொர்ஷ்'. செடியில் காய்க்கும் மிளகாய், குடைமிளகாய், இடித்த சிவப்புத் தூள் எல்லாம் 'பப்ரிகா'. அந்தச் சொல்லை ஆங்கிலம் கடன் வாங்கியபோது தூளை மட்டும் எடுத்துக்கொண்டு காயை விட்டுவிட்டது. எனவே மாணவர் சந்தையில் போய் ஆங்கிலத்தில் ஒரு கிலோ பப்ரிகா கேட்டால் தூள் டப்பாக்களைக் காட்டுவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் காய்க்கு யாருக்கும் புதுப்பெயர் வைக்கத் தோன்றவில்லை போலும். நாம் மிளகிலிருந்து மிளகாய் செய்தோம். ஆங்கிலேயர் பெப்பரையே நீட்டினார்கள். 'பப்ரிகா'வும் செர்பிய மொழியில் மிளகைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்ததுதான். ஸெகெட் நகரத்து மிளகாயிலிருந்துதான் ஆல்பர்ட் ஸென்ட்-ஜோர்ஜி வைட்டமின் சியை நிறையப் பிரித்தெடுத்தார். 1937-இல் நோபல் பரிசு வந்தது. இதைச் சொன்னால் எந்த ஹங்கேரிய மாணவரும் நிமிர்ந்து உட்காருவார்.

கடைசியாகக் கூலாஷ். ஹங்கேரியில் 'குயாஷ்' என்றால் மாடு மேய்ப்பவர். அவர்கள் வயல்வெளியில் காய்ச்சிய இறைச்சி சூப்புக்கும் அந்தப் பெயர் வந்தது. சூப் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஆங்கில உணவகத்தில் கூலாஷ் கேட்டால் வருவது கெட்டியான குழம்பு. அதை ஹங்கேரியர் 'பொர்கொல்ட்' என்பார்கள். தங்கள் சொல்லே திரும்பி வந்து பொய் சொல்வதை ஏற்க அவர்களுக்கு மனம் வராது. விவாதம் நடக்கட்டும், அன்றைய வகுப்பில் ஆங்கிலம் தானாக வரும்.

படி 4: பொய் நண்பர்கள்

ஹங்கேரிய மொழியில் இப்படிப்பட்ட சொற்களுக்கு 'ஹமிஷ் பராத்' என்றே பெயர், பொய் நண்பன். ரெட்செப்ட் அவற்றில் சாது. அலுவலகத்தில் வேலை செய்பவர்களைக் கவிழ்ப்பது இரண்டு: 'அக்துவாலிஷ்', 'எவென்துவாலிஷன்'. முதலாவது 'தற்போதைய' என்று பொருள் தரும். ஆங்கில 'ஆக்சுவல்' அப்படியல்ல. இரண்டாவது 'ஒருவேளை', ஆங்கில 'ஈவென்சுவலி' என்றால் 'கடைசியில் எப்படியும்'. "ஒருவேளை பணம் அனுப்புவோம்" என்று எழுத நினைத்தவர், பணம் எப்படியும் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார். இந்த ஒன்றுக்காகவே ஒரு முழு வகுப்பு ஒதுக்கலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். 'கிம்னாசியும்' உயர்நிலைப் பள்ளி, உடற்பயிற்சிக் கூடம் அல்ல. 'மப்பா' கோப்புறை, வரைபடம் அல்ல. 'நொவெல்லா' சிறுகதை. 'ஸிம்பதிகுஷ்' என்றால் பார்த்ததும் பிடித்துப்போகும் ஆள். ஆங்கிலத்தில் சிம்பதெடிக் என்றால் நம் துக்கத்தில் பங்குகொள்பவர். 'கவுத்சியோ' வீட்டு அட்வான்ஸ், எச்சரிக்கை அல்ல. 'ஃபர்மெர்' என்றால் ஜீன்ஸ் பேண்ட். "நேற்று ஒரு ஃபார்மர் வாங்கினேன்" என்று ஒரு பையன் எழுதியதைத் திருத்தும்போது விவசாயிகளின் நிலைமை இவ்வளவு மோசமா என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத்தால் மட்டும் ஏமாற்றும் கூட்டம் இன்னொன்று உண்டு. ஆங்கிலத்தில் தொப்பியைக் குறிக்கும் மூன்றெழுத்து அவர்களுக்கு ஆறு என்ற எண். பனிமூட்டத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து பல். தணலைக் குறிக்கும் சொல் மனிதன். சீப்பு தொடை. இவை பேச்சில் குழப்பாது, விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சோர்ந்திருக்கும் மாணவருக்கு எதிர்த்திசையில் போன சொற்களைச் சொல்லுங்கள். புடாபெஸ்டுக்கும் வியன்னாவுக்கும் நடுவே கோச் என்று ஒரு கிராமம். அங்கே செய்த குதிரை வண்டிக்குக் 'கோச்சி' என்று பேர் வந்தது, ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஆங்கிலத்தில் வண்டி கோச் ஆனது. பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாணவரைத் தேர்வுக்கு இழுத்துக்கொண்டு போகும் ஆசிரியரும் கோச் ஆனார். நம் ரயில் பெட்டியும் தெருமுனைக் கோச்சிங் சென்டரும் அந்தக் கிராமத்துக்குக் கடன்பட்டவை. பிரிட்டனில் பால்பாயிண்ட் பேனாவுக்குப் 'பைரோ' என்று பெயர். 1899-இல் புடாபெஸ்டில் பிறந்த லாஸ்லோ பீரோவின் குடும்பப் பெயர். நம் கட்டுமரமும் மாங்காயும் கறியும் ஆங்கிலத்துக்குள் போனதோடு நிற்காமல் ஹங்கேரிய மொழிக்குள்ளும் 'கதமரான்', 'மங்கோ', 'கர்ரி' என்று போயிருக்கின்றன. நம் பங்குக்கு இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

படி 5: கிவ் அப் வகை வினைகள்

இதைக் கண்டு எல்லா நாட்டு மாணவர்களும் பயப்படுவார்கள். ஹங்கேரியர் பயப்படத் தேவையில்லை, ஆனால் அது அவர்களுக்கே தெரியாது. அவர்கள் மொழியில் வினைக்கு முன்னால் ஒட்டும் சிறு சொற்கள் உண்டு: 'ஃபெல்' மேலே, 'லெ' கீழே, 'கி' வெளியே, 'பெ' உள்ளே, 'விஸ்ஸ' திரும்ப. 'அத்' என்றால் கொடு. 'ஃபெலத்' என்றால் மேலே-கொடு. பொருள்? கைவிடு, அதாவது கிவ் அப்பேதான். 'லெ-ஈர்' கீழே-எழுது, ரைட் டவுன். 'ஃபெல்னோ' மேலே-வளர், க்ரோ அப். தற்செயலாக ஒருவரைச் சந்தித்தால் அவர்கள் 'சேர்ந்து-ஓடுகிறார்கள்'. ஆங்கிலத்தில் ஒருவருக்குள் ஓடுகிறோம்.

எனவே வினைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஒத்துப்போகிறவை, பாதி ஒத்துப்போகிறவை, ஒட்டாதவை. முதல் குவியலை ஒரே நாளில் கொடுத்துவிடலாம். ஆபத்து இரண்டாவதில். 'ஃபெலத்' என்பதற்குத் தபாலில் சேர்ப்பது என்றும் பொருள் உண்டு. அதனால்தான் ஒரு மாணவி தபால் நிலையத்தில் பார்சலைக் 'கிவ் அப்' செய்துவிட்டு வந்ததாக எழுதினாள். மூன்றாவது குவியலை வாரம் இரண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

படி 6: சொல்லோடு ஒட்டி வரும் சிறு சொற்கள்

ஹங்கேரியர் பஸ்ஸின் 'மேல்' காத்திருப்பார்கள், நாயிடமிருந்து பயப்படுவார்கள், ஒன்றிலிருந்து சார்ந்திருப்பார்கள். ஆகவே வெயிட் என்று தனியாக எழுத விடாதீர்கள். 'வெயிட் ஃபார்' என்று சேர்த்து ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

ஊர்ப்பெயர்களில் ஒரு வேடிக்கை. பெரும்பாலான ஹங்கேரிய ஊர்களுக்கு 'மேல்' உருபு வரும், வெளிநாட்டு ஊர்களுக்கு 'உள்ளே' உருபு. புடாபெஸ்டின் மேல் வாழ்கிறார்கள், லண்டனுக்குள் வாழ்கிறார்கள். டெப்ரெட்சென் உள்நாட்டு ஊர்தான், ஆனால் அதற்கு 'உள்ளே'. தங்கள் நாட்டின் பெயருக்கும் 'மேல்'. எனவே 'ஆன் ஹங்கேரி' என்று எழுதினால் அது கவனக்குறைவு அல்ல, நாட்டுப்பற்று.

படி 7: காது

இது சுருக்கம். 'மேட்ச்' ஹங்கேரியத்தில் 'மெச்' ஆனது, 'மேனேஜர்' 'மெனெஜெர்' ஆனது. அதனால் பேட், பெட் இரண்டும் அவர்கள் காதில் ஒன்று. மேன், மென் இரண்டும் ஒன்று. அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும் மொழி அவர்களுடையது, அதையும் கொண்டுவருவார்கள். வைன் என்று நாம் எழுதும் இரண்டு ஆங்கிலச் சொற்களை (ஒன்று மது, ஒன்று கொடி) அவர்களால் பிரிக்க முடியாது. இதில் நாமும் குற்றவாளி, நம்மிடமும் ஒரே வகரம்தான். ஆகவே உங்கள் வாயை நம்பாமல் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுங்கள்.

வாயைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம்மூர் ஆங்கிலம் மாணவருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "ஹோட்டலில் சாப்பிட்டேன்" என்றேன் ஒருமுறை, "ஏன், வீட்டில் தங்க இடமில்லையா?" என்று கேட்டார் பால் வாங்கிய அம்மா. கல்லூரியில் 'பாஸ் அவுட்' ஆனேன் என்றால் மயங்கி விழுந்தேன் என்று அர்த்தமாகும்.

படி 8: திரும்பப் பார்க்கும் முறை

ஒரு வகுப்புக்கு ஏழு சொல்லுக்கு மேல் வேண்டாம். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் என்று திரும்பக் கேளுங்கள். அட்டையில் ஒரு பக்கம் சொல் விடுபட்ட வாக்கியம், மறுபக்கம் அந்தச் சொல் மட்டும். தவறினால் அட்டை முதல் நாளுக்குத் திரும்பும். அலைபேசிச் செயலியிலும் செய்யலாம். ஆனால் வயதானவர்களுக்குக் கையால் எழுதிய அட்டைதான் நிற்கிறது, ஏனென்றால் அவர்களே எழுதியது.

தேர்வு வைக்க வேண்டுமென்றால் சொல்லைச் சொல்லி அர்த்தம் கேட்காதீர்கள். ஒரு சூழலைச் சொல்லுங்கள்: கடையில் நிற்கிறீர்கள், சட்டை சின்னதாக இருக்கிறது, என்ன கேட்பீர்கள்? ரிசீட் தானாக வந்தால் அந்த அட்டையை எடுத்துவிடலாம்.

ஒரு பதினாறு வயதுப் பையன் என்னிடம் இரண்டு ஆண்டுகளாகப் படிக்கிறான், பி2 எழுதப்போகிறான். ஹங்கேரியத்தில் 'ஸியா' என்றால் வணக்கம், போய்வருகிறேன் இரண்டும், 'ஹெல்லோ'வும் அப்படியே. காணொளி திறந்ததும் "ஸியா!" என்பான். ஆங்கிலக் காதுக்கு அது 'பிறகு பார்க்கலாம்'. ஒரு மணிநேரம் பாடம் படிப்பான். முடிந்ததும் கையை ஆட்டி "ஹெல்லோ!" என்று சொல்லி இணைப்பைத் துண்டிப்பான். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். நேற்றும் ஹெல்லோதான்.